கோணிய இரும்பு

விடியும் முன்பே ஆளுக்கொரு வாளி வெந்நீரோடு நாங்கள் வண்டியடிக்குப் போய்ச் சேர வேண்டும். அது கம்பெனி போட்ட சட்டம் இல்லை. குளிர் போட்ட சட்டம். இரவெல்லாம் பனியில் நின்ற டீசல் லாரிக்கு வெந்நீர் ஊற்றாவிட்டால் உயிர் வராது. சாண வறட்டியை அடுப்பில் திணித்து, பனிக்கட்டியை உருக்கிக் கொதிக்க வைத்து, வாளியைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு சறுக்குப் பாதையில் வருவோம். தளும்பிச் சிந்திய நீர் கம்பளிக் காலணியில் பட்டால், அடுத்த அடி வைப்பதற்குள் அங்கேயே கண்ணாடியாக உறைந்துவிடும். அதற்குள் டிரைவர் தூதாலி அண்ணன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தகரத் தட்டில் டீசல் துணியைக் கொளுத்தி எண்ணெய்த் தொட்டிக்குச் சூடு காட்டிக்கொண்டிருப்பார். அவருடைய புருவத்தில் ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் கரி.

"கட்டின புருசனுக்குக்கூட நான் இப்படி வெந்நீர் போட்டதில்ல" என்று புருல் அக்கா ரேடியேட்டரில் வாளியைக் கவிழ்ப்பாள். "இந்தச் சனியன் ஒரு நாளாவது நல்லாருக்கியான்னு கேட்டிருக்கா?"

"கேக்குதே அக்கா. டக்கு டக்குன்னு கேட்டுக்கிட்டேதான இருக்கு!" என்பாள் ஐச்சூரெக்.

ஐச்சூரெக் மட்டும் இரண்டு வாளி கொண்டுவருவாள். எங்களில் யாரையும்விட ஒரு தலை உயரம். கரி மூட்டையை முதுகில் ஏற்ற மற்றவர்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அவளுக்கு ஒரு மூச்சு போதும். அவள் சிரித்தால் எதிர்ச் சரிவில் மேயும் குதிரைகள் தலையைத் தூக்கும் என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் நாங்கள் நம்பினோம்.

எங்கள் ஊருக்கு மேலே, கணவாய் தாண்டி, நிலக்கரிக் குழி இருக்கிறது. தோண்டி எடுக்கும் கரியில் கல்லும் களிமண்ணும் கலந்து வரும். நகரத்து வீடுகளின் அடுப்புக்குப் போகிற கரியில் கல் இருக்கக் கூடாது. கரியைச் சுமந்து ஓடும் ரப்பர்ப் பட்டையின் இருபுறமும் நின்று அந்தக் கல்லைப் பொறுக்கிப் போடுவதுதான் எங்கள் வேலை. ஆண்கள் பாதிப் பேர் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஊர். குழிக்குப் போக எங்களுக்கு இருந்தது அந்த ஒரே வண்டி. சோவியத் காலத்து லாரி. பின்னால் இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து, உள்ளே இரண்டு பலகை போட்டிருந்தார்கள். சின்ன ஜன்னல் இரண்டு. பனி புகாமலிருக்க அதன் இடுக்குகளிலெல்லாம் நாங்களே கம்பளத்துண்டு வைத்து அடைத்திருந்தோம்.

முன்பெல்லாம் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் மூச்சு மேற்கூரையில் உறைந்து, வண்டி குலுங்கும்போது எங்கள் தலையில் உதிரும். "ஏதாவது பண்ணுங்கண்ணே" என்று கேட்டவர்கள் நாங்கள்தான். தூதாலி அண்ணன் யோசித்து, எஞ்சினின் மேனிபோல்ட் மேல் ஒரு தகரக் கூடு கட்டினார். எஞ்சின் கக்குகிற புகையையெல்லாம் வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் அது. வண்டியிலேயே அதிகமாகக் காய்கிற உறுப்பு. கூட்டுக்குள் சூடாகும் காற்றை ஒரு சின்ன விசிறி அடுப்புக் குழாய் வழியாக எங்கள் பெட்டிக்குள் தள்ளும். போன குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அது சொர்க்கம். குழாய் வாய் இருந்த மூலையில் உட்கார முறை வைத்துக்கொண்டோம். காய்ச்சல்காரிக்கு மட்டும் முறையில் சலுகை. பாட்டுப் பாடிக்கொண்டே கணவாய் ஏறுவோம்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் மெதெர் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெயிலரைக் கோத்தான். மெதெர்தான் முதலாளி, எங்கள் ஊர்க்காரன். "வெறும் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு எறங்குறதுக்கு டீசல் எரிக்கணுமா? எறங்கும்போது கரியும் எறங்கட்டும், ஏறும்போது மரமும் இரும்பும் ஏறட்டும்" என்றான். பாரத்தோடு கணவாய் ஏறுகையில் எஞ்சின் அலறியது. சிவக்கச் சிவக்கக் காய்ந்த மேனிபோல்ட்டின் மேல் சாலையின் பனிச்சேறு தெறித்துச் சீறியது. காய்வதும் குளிர்வதுமாக எத்தனை நாள்தான் இரும்பும் தாங்கும்? அப்போதுதான் அந்த 'டக் டக்' பிறந்தது. முதலில் ஏற்றத்தில் மட்டும். பிறகு சமதரையிலும். பிறகு வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுகூட, யாரோ இரும்புக் கதவை விரலால் தட்டி அழைப்பதுபோல.

பாட்டு எப்போது நின்றதென்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தோம், வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தூங்கிவிடுகிறோம். தூக்கம் என்றால் களைப்புத் தூக்கமில்லை. யாரோ தலையைப் பிடித்து அமுக்குகிற தூக்கம். குழியில் இறங்கினால் கால் பின்னும். பனியில் நின்று வாந்தியெடுப்போம். துப்பினால் எச்சில் கருப்பு. வெளிக்காற்றில் கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். அதனாலேயே அதை நோய் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. குழாய் மூலையில் அடைத்திருந்த வெள்ளைக் கம்பளத்துண்டு கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. அந்த மூலையில் உட்காருகிறவளுக்குத்தான் வாந்தி அதிகம் என்று கண்டுகொண்ட பிறகு, முறை வைத்துச் சண்டை போட்ட இடத்துக்கு யாருக்கும் ஆசையில்லை.

"நான் உக்காந்துக்கறேன் விடுங்கடி" என்றாள் ஐச்சூரெக். "என் உடம்புல பாதிதான் எனக்கு. மீதி சும்மாதான் கெடக்கு."

ஒரு நாள் மெதெர் குழியில் இருக்கும்போது, பட்டையை ஓட்டும் முன் நாங்கள் அவன் ஜீப்பைச் சூழ்ந்துகொண்டோம். அவன் கையுறையைக் கழற்றாமலே சிரித்தான்.

"என்ன அக்கா, காலையிலேயே கூட்டம்?"

அவன் பிறந்தபோது முதல் சட்டை தைத்துப் போட்டவள் புருல் அக்கா. அந்த உரிமையில் அவள் மட்டும் அவனை நீ என்பாள்.

"தலை சுத்துது தம்பி. வண்டிக்குள்ள புகை வருது."

"புகை இல்லக்கா, உயரம். மேல வர வரக் காத்து கம்மி. எனக்கே ரெண்டு நாளாத் தலை பாரமாத்தான் இருக்கு."

"எங்கம்மா என்னைப் பெத்தது கோடை மேய்ச்சல்ல, கூடாரத்துல, இதைவிட ஒசரத்துல. இத்தனை வருசமா என்னை ஒத்துக்கிட்ட மலைக்கு இந்த மாசந்தான் கோவம் வந்துச்சா?"

நாங்கள் சிரித்தோம். அவனும் சேர்ந்து சிரித்தான். அதுதான் அவன் சாமர்த்தியம். கோபத்தோடு வருகிறவர்களைச் சிரிக்கவைத்துத் திருப்பி அனுப்புவான்.

தூதாலி அண்ணன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். "மொதலாளி, மேனிபோல்ட் கோணிப்போச்சு. அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டட் போல்ட்டு ஒண்ணு முறிஞ்சு உள்ளேயே நிக்குது. சந்தை அடைக்கிற கேஸ்கட்டை மாத்தி மாத்தி வச்சுட்டேன், புகை ஊதித் தள்ளிடுது. கழட்டி நாரின் டவுன்ல லேத்துக்குக் குடுத்து மொகத்தை மட்டமாக் கடைஞ்சாத்தான் ஒட்டும். புதுசே போட்டா இன்னும் நல்லது."

"வண்டி எத்தனை நாள் நிக்கும்?"

"நாலஞ்சு நாள் ஆகும்."

"நாலஞ்சு நாள் கல்லு யாரு பொறுக்குவா, நீயா? அங்க பாரு, லாரிக்காரன் வரிசையில நின்னு கெடக்கான். வசந்தத்துல பாத்துக்கலாம். இப்பக் கல்நார்க் கயிறு வச்சு இறுக்கு."

"இறுக்கினா அடுத்த ஸ்டட்டும் போயிடும்."

"அப்பப் பாத்து இறுக்கு."

மெதெர் எங்கள் பக்கம் திரும்பினான். குரலில் அக்கறை சொட்டியது.

"இந்த பாருங்க. புகை வந்தா அந்தக் குழாயை அடைச்சுக்கங்க. குளுந்தாத் தெறந்துக்கங்க. குளிரா புகையா, உங்க இஷ்டம். நான் யாரையும் கட்டாயப்படுத்தல."

நாங்கள் கலைந்து போய்ப் பட்டைக்கு இருபுறமும் நின்றோம். 'உங்க இஷ்டம்' என்ற சொல் அன்று முழுக்க என் பல்லிடுக்கில் மண்ணைப்போல நறநறத்தது.

மறுநாளிலிருந்து குழாய் வாயில் கந்தல் திணித்தோம். குளிர் உள்ளே வந்து உட்கார்ந்தது. உம்சுனைக்குக் கால்விரல் மூன்று வெளுத்து உணர்ச்சி செத்துப்போனது. பனியால் தேய்த்துத் தேய்த்து அவளை அழவைத்து அதற்கு உயிர் கொண்டுவந்தோம். காலணிக்குள் செய்தித்தாள் திணித்தோம், ஒருத்தி மடியில் ஒருத்தி காலை வைத்தோம். கந்தலையும் மீறி ஒரு கசப்பு வாடை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் தலைவலி குறைந்தது. குளிர் கடிக்கிறது, புகை அமுக்குகிறது. கடிக்கிற நாயே மேல் என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த நாள் விடியலில் காற்று வடக்கிலிருந்து அடித்தது. கணவாயில் அந்தக் காற்று வீசினால் ஆட்டு மந்தைகூட நின்ற இடத்தில் விறைத்துவிடும். தூதாலி அண்ணன் வெந்நீரை ஊற்றி, இரண்டு கையையும் முகத்தில் தடவி வேண்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். டிரெயிலரில் தண்டவாள இரும்பு. பெட்டிக்குள் எங்கள் பல் கிட்டித்தது. பாதி ஏற்றத்தில் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பிறகு காலடியில் மெல்ல ஒரு வெதுவெதுப்பு ஊர்ந்தது.

கந்தலை யாரோ பிடுங்கியிருந்தார்கள். யார் என்று நாங்கள் இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தி பிடுங்கினாள், பார்த்துக்கொண்டிருந்த யாரும் அதைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை. அந்த வெதுவெதுப்பு அவ்வளவு இதமாக இருந்தது. கண்ணை மூடினேன். எஞ்சின் அலறுவது எங்கோ தூரத்தில், வேறு யாருடைய மலையிலோ கேட்டது.

கதவு திறந்ததும் வெளிச்சம் கத்தியாகக் குத்தியது. தூதாலி அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "எறங்குங்க! எறங்குங்கம்மா! எல்லாரும் வெளிய வாங்க!" என்று அலறினார். விழுந்தும் தவழ்ந்தும் ஏணியிறங்கினோம். பனியில் முகத்தைப் புதைத்தோம். ஒருத்தி வாந்தியெடுத்தாள், ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி தன் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஐச்சூரெக் இறங்கவில்லை.

அந்த மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு பேர் சேர்ந்துதான் அவளை இழுக்க முடிந்தது. பனியில் கிடத்தினபோது அவள் கன்னம் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. பார்க்கிறவர்கள் ஆரோக்கியம் என்று நினைப்பார்கள். அவள் நாத்தனார் ஜிபார் அந்தக் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். "அண்ணி! ஏய் அண்ணி! எந்திரி! வெளையாடாத!" மூச்சு இருந்தது, நூலிழை மாதிரி.

மெதெர் ஓடிவந்தான். அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். தன் ஜீப்பை உடனே கொடுத்தான், ஜீப் டிரைவரை விரட்டினான், தன் மேல்கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். ஜிபார் அவள் தலையை மடியில் தாங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்ததும், ஜன்னலருகே குனிந்து மெல்லச் சொன்னான்:

"ஆஸ்பத்திரியில கேட்டா, ஏற்கெனவே நெஞ்சு வலி இருந்துச்சுன்னு சொல்லு. மருந்துச் செலவெல்லாம் நான் பாத்துக்கறேன். புரியுதா?"

ஜிபார் அவனைப் பார்த்தாள். ஜீப் போனது.

"சரி" என்று மெதெர் எங்களிடம் திரும்பினான். "கொஞ்சம் டீ குடிங்க. குடிச்சிட்டு ஆரம்பிங்க. லாரிங்க நிக்குது."

டீ குடித்தோம். உப்புப் போட்ட பால் டீ. எனக்கு அதில் உப்பும் தெரியவில்லை, பாலும் தெரியவில்லை. பட்டை ஓடியது. கைகள் பழக்கத்தில் நீண்டன. ஆனால் என் கண்ணுக்கு எது கல், எது கரி என்று பிடிபடவில்லை. எல்லாம் ஒரே கருப்பாக ஓடியது. எதிரே உம்சுனை கரியை எடுத்துக் கல் குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். புருல் அக்கா தன் இடத்தை விட்டு நகர்ந்து, நடந்து போய், சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பட்டை நின்றது.

"யாரது நிறுத்தினது?" பட்டையை ஓட்டுகிறவனின் கூண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நான்தான்" என்றாள் அக்கா. "கண்ணு தெரியல. குருடி எதுக்குக் கல்லு பொறுக்கணும்?"

அந்த அமைதியில் வண்டிக் கொட்டகையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. அங்கே போனோம். தூதாலி அண்ணன் கேபினைச் சாய்த்துவிட்டு மேனிபோல்ட்டைக் கழற்றியிருந்தார். முழங்கை வரை புகைக்கரி. இரும்பு மேசைமேல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை, கையில் இருந்த டார்ச்சை மேசையின் அந்தப் பக்கம் வைத்து அடித்தார்.

நாலு கிளைகளில் நடு இரண்டும் மேசையில் படிந்திருந்தன. ஓரத்துக் கிளைகளின் அடியில் வெளிச்சம் வழிந்தது. என் விரல் நகத்தை அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போயிற்று. சந்தின் உதடு முழுக்க மெழுகினதுபோலக் கரி.

"இது வழியாத்தானா?" என்று கேட்டேன்.

"இது வழியாத்தான். நான் கட்டின கூட்டுக்குள்ள. நான் போட்ட குழாயில." அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "நீங்க குளுருதுன்னு சொன்னீங்க. நான் செஞ்சேன்."

"நீ செஞ்சது சூடு" என்றாள் புருல் அக்கா. "வெசம் வச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியும். அழுவாத, ஆம்பளை அழுதா மீசை உறைஞ்சிரும்."

மெதெர் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"தூதாலி, அதை எடுத்து மாட்டு. குழாயைக் கழட்டி எறி. கதை முடிஞ்சுது."

"மாட்ட மாட்டேன் மொதலாளி."

"என்னது?"

"குழாயை எடுத்தாலும் கேபினுக்குள்ள வரும். தரைச் சந்து வழியாப் பெட்டிக்குள்ளயும் வரும். டீசல் குழாய் பக்கத்துலயே நெருப்பா ஊதுது. ஒரு நாள் மொத்தமா எரியும். நான் மாட்ட மாட்டேன்."

"நீ இல்லன்னா வேற டிரைவர் மாட்டுவான்."

"மாட்டட்டும்" என்றாள் புருல் அக்கா. "ஆனா நாங்க ஏற மாட்டோம்."

மெதெர் பெருமூச்சு விட்டான். பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளிடம் பேசுவதுபோல இறங்கி வந்தான்.

"அக்கா, கோவம் நியாயம்தான். எனக்கும் வயிறு எரியுது. ஆனா யோசிங்க. வீட்டுக்கு எப்படிப் போவீங்க? பறந்தா? சாயங்காலம் காத்து எறங்கும். என் ஜீப்பு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. இருக்கிறது இந்த ஒரு வண்டிதான். இன்னைக்கு ஒரு நாள் போங்க, நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கும் இதையேதான சொல்வீங்க?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ சும்மாரு சைரா. உன் புருசன் ரெண்டு வருசமா அங்கிருந்து காசு அனுப்பலன்னு ஊருக்கே தெரியும். இந்த வேலை போச்சுன்னா உன் பிள்ளைங்க என்ன திங்கும்? பனியையா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசைமேல் இருந்த இரும்பைப் பார்த்தேன். எதுவும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. என் தலையில் போர்த்தியிருந்த பெரிய சால்வையை அவிழ்த்து மேசையில் விரித்தேன்.

"அண்ணே, அதை இதுல வையுங்க."

தூதாலி அண்ணனுக்கு உடனே புரிந்தது. தூக்கி வைத்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன், உம்சுனை மறுமுனையைப் பிடித்தாள். கனத்தது. ஒரு செம்மறியாட்டைத் தூக்குகிற கனம்.

"அது கம்பெனிப் பொருள்!" மெதெர் முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் கத்தினான்.

"தெரியும் தம்பி, நாங்க தின்னுட மாட்டோம்" என்றாள் புருல் அக்கா. "டவுனுக்குக் கொண்டு போறோம். ஐச்சூரெக் படுத்திருக்கிற எடத்துல டாக்டர்கிட்டக் காட்டுவோம், நெஞ்சு வலி எங்கேருந்து வந்துச்சுன்னு. அப்புறம் சர்க்கார்ல தொழிலாளியைப் பாக்கிறதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்காமே, அவன் மேசைமேல வைப்போம். புதுசு வாங்கி மாட்டி, பெட்டிக்குள்ள நெசமான அடுப்பும் வச்சு, டிரெயிலரையும் கழட்டிட்டுச் சொல்லி அனுப்பு. வந்து பொறுக்கறோம்."

"நாளைக்கே பக்கத்து ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வருவேன்!"

"கூட்டிட்டு வா. எந்த வண்டியில கூட்டிட்டு வருவ?"

மூன்று பேர் எங்களோடு வரவில்லை. ஒருத்திக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார்; மற்ற இருவரும் காரணம் சொல்லவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் ஒருத்தி ஓடிவந்து, தன் மதிய ரொட்டியையும் உலர் தயிர் உருண்டைகளையும் என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

குழிக்கு வெளியே கரி லாரிகள் வரிசையில் நின்றன. நடந்ததையெல்லாம் டிரைவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். நாங்கள் கடந்து போகும்போது ஒருவன் ஜன்னலை இறக்கித் திட்டினான்: "பொறுக்காமப் போறீங்களேடி, நாங்க எத்தனை நாளாக் காத்துக் கெடக்கோம் தெரியுமா?" இன்னொருவன் அவனை அடக்கினான். மெதெர் வரிசையோரமாக ஓடி, கரி ஏற்றி முடித்த வண்டிக்காரர்களிடம் கையை ஆட்டிச் சொல்வது எங்களுக்கும் கேட்டது: "இவளுங்களை எவனாவது ஏத்தினான்னா, அவனுக்கு இங்க இனிமே கரி கிடையாது! ஒரு கட்டிகூடக் கிடையாது!"

நடந்தோம். சால்வை முனைகள் கை மாறின. தூதாலி அண்ணன் தூக்க வந்தபோது புருல் அக்கா விடவில்லை. "நீ முன்னால போ. எந்த எடத்துல பனி உள்வாங்கும்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள். கணவாய் உச்சியில் காற்று எங்களை மொத்தமாகப் பிடித்துத் தள்ளியது. பேச வாய் திறந்தால் பல் கூசியது. வானம் மலைமேல் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஊர் இன்னும் எங்கோ கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கிடந்தது. உம்சுனை நொண்டினாள். இருட்டுவதற்குள் இறங்காவிட்டால் நாளைக்கு எங்களைக் கோடரியால்தான் வெட்டியெடுக்க வேண்டும் என்று என் மனம் சொன்னது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. எல்லோர் மனமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு கரி லாரி வந்தது. ஒதுங்கினோம். ஹாரன் அடித்துக்கொண்டே, சேற்றை எங்கள் பாவாடையில் வாரியிறைத்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது வந்தது. அதன் டிரைவர் எதிர்ப்பக்கத்து மலையையே பார்த்துக்கொண்டு போனான்.

மூன்றாவது வேகம் குறைந்தது. எங்கள் பக்கத்தில் வந்து, நிற்காமல், நத்தையாக ஊர்ந்தது. ஜன்னல் இறங்கியது. தங்கப் பல் வைத்த ஒருவன் எட்டிப் பார்த்தான். ஷர்ஷென் என்று பேராம், பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

"அதுதானா அது?" என்று சால்வையைக் காட்டினான்.

"அதுதான்."

"அந்தம்மா பொழைச்சுதா?"

"தெரியாது."

அவன் வண்டியை இன்னும் எங்கள் பக்கம் ஒட்டி உருட்டினான். "என் தம்பி போன வருசம் வரிசையில நிக்கும்போது கேபினுக்குள்ள எஞ்சினை ஓடவிட்டுட்டுத் தூங்கினான். தூங்கினவன்தான். குடிச்சிருந்தான்னு எழுதினாங்க. அவன் குடிக்கவே மாட்டான்."

"எங்களை ஏத்திக்கிறியா தம்பி?" புருல் அக்கா கேட்டாள்.

"ஏத்தக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரே."

"அப்பப் போ. போய்ச் சேரு."

"ஏத்தக் கூடாதுன்னுதான சொன்னாரு?" தங்கப் பல் மின்னியது. "பின்னாலயே வரக் கூடாதுன்னு சொல்லலையே!"

எங்களை முன்னால் விட்டு, எங்கள் முதுகுக்கும் வடக்குக் காற்றுக்கும் நடுவில் தன் வண்டியை நிறுத்தி, எங்கள் நடை வேகத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தான். காற்று சட்டென்று அறுந்தது. முன்விளக்கு பாதையில் மஞ்சளாக விரிந்தது. தூதாலி அண்ணன் அந்த வெளிச்சத்தில் பள்ளம் பார்த்து நடந்தார். உம்சுனையை மட்டும் ஷர்ஷென் கேபினில் தூக்கி உட்காரவைத்தான். "இது ஏத்தினதாகாது. கால் வலிக்குதுன்னு கொஞ்சம் உக்காந்திருக்கு" என்றான்.

அவனுக்குப் பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. ஷர்ஷென் இறங்கிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். ஹாரன் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து சேர்ந்தது. அப்புறம் இன்னொன்று. வளைவில் திரும்பிப் பார்த்தபோது மலைச்சரிவு நெடுக விளக்குகள், ஒன்றையொன்று முந்தாமல், எங்கள் காலுக்காகக் காத்துக் காத்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்களைத் திட்டினவனும் அதில் இருந்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம்.

மங்கின வேளையில் கீழேயிருந்து ஜீப் ஏறி வந்தது. மெதெரின் ஜீப்தான். எங்களைப் பார்த்ததும் கதவு திறந்து ஜிபார் இறங்கினாள். கையில் ஐச்சூரெக்கின் கம்பளிக் காலணிகள்.

அவளே சொன்னாள்.

"கண்ணைத் தொறந்தா. என்னைப் பாத்து, நீ யாருன்னு கேட்டா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மறுபடி மூடிக்கிட்டா. பாக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நெஞ்சு வலி இருந்துச்சான்னு கேட்டாரு." ஜிபார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "புகைன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாரு. எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

புருல் அக்கா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜீப் டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்தினான். "ஓரம் போங்க! மொதலாளி மேல காத்துக்கிட்டிருக்காரு, நான் மேல போகணும்!"

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சாலையில் நாங்கள் நின்றோம். எங்களுக்குப் பின்னால் கரி லாரிகள் நின்றன. ஷர்ஷென் தலையை நீட்டிச் சிரித்தான்.

"எங்க ஓரம் போறது? நீயே பின்னால போ."

"இந்த மலையில பின்னாலயா? பைத்தியமா?"

"மெதுவாப் போ. எங்களுக்கு அவசரமில்ல."

ஜிபார் காலணிகளைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என்னிடம் வந்து சால்வையின் முனையைப் பிடித்தாள். "எனக்குக் குடு. நீ ரொம்பத் தூரம் தூக்கிட்ட."

கொடுத்தேன். ஜீப் டிரைவர் எங்களையும் விளக்கு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கழுத்தைப் பின்னால் திருப்பி, ஸ்டியரிங்கை ஒடித்தான். முதலாளியின் ஜீப் மலைப்பாதையில் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. அது விட்ட இடத்தில் நாங்கள் காலை வைத்தோம்.